முகங்களைத் தைத்த மதாம் நோயேல்

1954 நவம்பர் 1ஆம் தேதியை நம் ஊர்ப் பெரியவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பிரெஞ்சு மூவர்ணம் இறங்கி, இந்திய மூவர்ணம் ஏறிய நாள். அதிலிருந்து பத்தாம் நாள், நவம்பர் 11 அன்று, பாரிசில் 76 வயதான ஓர் அம்மையார் காலமானார். டாக்டர் சுசான் நோயேல் என்று பெயர். பிளாஸ்டிக் சர்ஜரி என்றால் இன்று சினிமா நடிகைகள்தான் நம் நினைவுக்கு வருகிறார்கள். அந்த வைத்தியத்தில் கத்தி பிடித்த முதல் பெண்களில் ஒருவர் இவர். பிரெஞ்சுப் பள்ளியில் மேரி க்யூரியைப் பற்றிப் படித்தோம், பஸ்தேரைப் பற்றிப் படித்தோம். இந்த அம்மாவைப் பற்றி ஒரு வரி கூடப் படித்ததில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்று, பொழுது போகாமல் பழைய பிரெஞ்சுச் சரித்திரங்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோதுதான் இவர் பெயர் கண்ணில் பட்டது.

பிறந்தது 1878இல், பிரான்சின் வடக்கே லான் என்னும் ஊரில். (எழுத்துக்கூட்டிப் படித்தால் ‘லாவோன்’ என்று வரும், சொல்லும்போது ‘லான்’ என்றுதான் சொல்ல வேண்டும். பிரெஞ்சு படித்தவர்களுக்கு இந்த அவஸ்தை தெரியும்.) வசதியான குடும்பம். தந்தை சிறு வயதிலேயே போய்விட்டார். அந்தக் காலத்து நல்ல குடும்பத்துப் பெண்களைப் போல இவருக்கும் படம் வரையக் கற்றுக்கொடுத்து, 19 வயதில் அன்ரி பெர்தா என்ற தோல் வைத்தியருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். கதை அத்தோடு முடிந்திருக்க வேண்டியது. கல்யாணத்துக்குப் பிறகு பக்கலோரேயா பரீட்சை எழுதி, 1905இல், 27 வயதில், மருத்துவப் படிப்பில் சேர்ந்தார் இந்தப் பெண். கணவர் சம்மதித்தார்.

இந்தச் ‘சம்மதித்தார்’ என்ற சொல்லைச் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. நெப்போலியன் எழுதிவைத்த கோத் சிவில் நம் ஊர் நீதிமன்றங்களிலும் புழங்கியதுதான். அந்தச் சட்டப்படி கல்யாணமான பெண் மைனருக்குச் சமம். புருஷன் கையெழுத்து இல்லாமல் அவளால் ஒரு காரியமும் செய்ய முடியாது. 1938இல்தான் அது மாறியது. அதற்குப் பிறகும், மனைவி வேலைக்குப் போவதைக் கணவன் ஆட்சேபிக்கும் உரிமை 1965 வரைக்கும் இருந்தது. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று மேரி வாசலில் எழுதிவைத்த நாடு! சகோதரத்துவம் இருந்தது, சகோதரிகளைத்தான் காணோம்.

படிக்கும்போது இப்போலித் மொரெஸ்தேன் என்ற பெரிய சர்ஜனிடம் வேலை பழகினார். இந்த மொரெஸ்தேன் மார்த்தினிக் தீவில் பிறந்தவர். நம்மைப் போலவே ஒரு காலனிக்காரர். 1902இல் அங்கே எரிமலை வெடித்தபோது குடும்பத்தார் பலரைப் பறிகொடுத்தவர். தழும்பு வெளியே தெரியாமல் தைப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று பேர். அந்தக் கைப்பாங்கு மாணவிக்கும் வந்தது. சின்ன வயதில் படம் வரைந்த விரல்கள் வேறு.

1912இல் சாரா பெர்னார் அமெரிக்காவிலிருந்து திரும்பினார். அந்தக் காலத்தின் பெரிய நாடக நடிகை அவர், வயது 68. தலைமுடி ஓரத்தில் கொஞ்சம் தோலை வெட்டி எடுத்துத் தைத்ததில் அம்மாவுக்கு இளமை திரும்பிவிட்டது என்று பத்திரிகைகள் எழுதின. அதைப் படித்த சுசான் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, தன் கன்னத்துத் தோலை இரண்டு விரலால் கிள்ளிக் கிள்ளி இழுத்துப் பார்த்தாராம். எங்கே இழுத்தால் எந்தச் சுருக்கம் மறைகிறது என்று பார்த்துப் பார்த்துத் தானே ஒரு முறையைக் கண்டுபிடித்தார். சாராவுக்கே பின்னால் இவர் திருத்தம் செய்துவிட்டார் என்று எழுதுகிறவர்களும் உண்டு.

அதற்குள் 1914 வந்துவிட்டது. பதுங்குகுழிப் போரில் தலையை நிமிர்த்தினால் குண்டு முகத்தில்தான் படும். தாடை போனவர்கள், மூக்கு போனவர்கள், பாதி முகமே இல்லாதவர்கள் என்று ஆயிரக்கணக்கில் வந்தார்கள். ‘உடைந்த முகங்கள்’ என்றே அவர்களுக்குப் பெயர் வைத்தார்கள். 1919இல் வெர்சாய் ஒப்பந்தம் கையெழுத்தானபோது, ஜெர்மானியர்கள் பார்க்கட்டும் என்று அப்படிப்பட்ட ஐந்து பேரைக் கூட்டிவந்து நிறுத்தினார் கிளெமான்சோ. அந்தப் போருக்கு நம் ஊரிலிருந்தும் சொல்தாக்கள் போனார்கள்; திரும்பாதவர்களுக்காகத்தான் கடற்கரைச் சாலையில் நினைவுச் சின்னம் நிற்கிறது. சாயங்கால நடையில் அதைத் தாண்டாமல் நாம் யாரும் வீட்டுக்குத் திரும்புவதில்லை.

டாக்டர்கள் பலர் போர்முனைக்குப் போய்விட்டதால், 1916இல் படிப்பை முடிக்காதவர்களும் வைத்தியம் பார்க்க அனுமதி கிடைத்தது. தியெரி தெ மர்த்தெல் என்ற சர்ஜனோடு சேர்ந்து இந்த முகங்களைச் சீர்செய்யும் வேலையில் இறங்கினார் சுசான். (1940இல் ஜெர்மன் படை பாரிசுக்குள் நுழைந்த அன்று, அதைப் பார்க்கச் சகிக்காமல் உயிரை விட்டவர் இந்த மர்த்தெல்தான்.)

பிறகு வந்த வருஷங்கள் பொல்லாதவை. 1918இல் கணவர் பெர்தா இறந்தார். அடுத்த வருஷம், கூடப் படித்த அந்த்ரே நோயேலை மணந்தார். 1922இல் ஒரே மகள் ழாக்லீன் நோயில் போய்விட்டாள், பதினாலு வயது. அந்தத் துக்கத்திலிருந்து அந்த்ரே மீளவில்லை. 1924இல், இவர் கண்ணெதிரிலேயே, சேன் ஆற்றில் குதித்துவிட்டார்.

நாற்பத்தாறு வயது. குழந்தை இல்லை, கணவன் இல்லை. இத்தனை வருஷம் கத்தி பிடித்திருந்தும் கையில் டாக்டர் பட்டமும் இல்லை. ஆய்வேட்டை அவர் சமர்ப்பிக்கவே இல்லை. டாக்டர் வீட்டம்மா என்ற நிழலில் நடந்த தொழில். அந்த நிழல் போனதும் உட்கார்ந்து ஆய்வேட்டை எழுதி முடித்து, 1925இல், 47 வயதில், டாக்டர் ஆனார். மறு வருஷமே புத்தகமும் வந்துவிட்டது: ‘அழகு அறுவைச் சிகிச்சை: அதன் சமூகப் பங்கு’. எனக்கு இந்தத் தலைப்பின் பின்பாதிதான் முக்கியம்.

அழகுக்கும் சமூகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். போர் முடிந்த பிரான்சில் லட்சக்கணக்கான விதவைகள் இருந்தார்கள். வேலைக்குப் போனால்தான் சோறு. துணிக்கடையிலும் தையல் நிலையத்திலும் நாற்பது, ஐம்பது வயது முகத்தைப் பார்த்தால் வேலை இல்லை என்றார்கள். அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்று நாம் சொல்வோம். கடை முதலாளி அகத்தையா பார்க்கிறான்? நம் மாதிரி சர்க்கார் குமாஸ்தாவுக்கு முகத்தில் சுருக்கம் விழ விழச் சம்பளம் கூடும். விற்பனைக்காரிக்குச் சீட்டுக் கிழியும். மதாம் நோயேலுக்கு இது புரிந்தது. சுருக்கம் அவருக்கு அலங்காரப் பிரச்சினையாகத் தெரியவில்லை, வயிற்றுப் பிரச்சினையாகத் தெரிந்தது. காசு உள்ள சீமாட்டிகளிடம் வாங்கினார். இல்லாதவர்களுக்குச் சும்மா செய்தார்.

செய்த விதமும் சொல்லத் தகுந்தது. பெரிய ஆஸ்பத்திரி கிடையாது, பாரிசில் தன் வீட்டிலேயே ஓர் அறை. முழு மயக்கம் கொடுப்பதில்லை. அந்த இடம் மட்டும் மரத்துப்போக ஊசி. ஒரே மூச்சில் முகம் முழுவதையும் இழுப்பதும் இல்லை. முடி முளைக்கும் ஓரத்திலும் காதுக்குப் பின்னாலும் சின்னச் சின்னதாக வெட்டி, பல தடவையாகத் தைப்பார். எங்கே வெட்டுவது என்று குறிக்கத் தகட்டில் அளவுகள் செய்து வைத்திருந்தார். வந்த பெண் தலைமுடியை இறக்கி வாரிக்கொண்டு அன்றைக்கே எழுந்து வீட்டுக்குப் போகலாம். வேலைக்கு லீவு போட முடியாதவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? வீட்டுக்காரருக்கே தெரியாமல் வந்து போனவர்களும் உண்டு. முன்னும் பின்னும் போட்டோ எடுத்து வைப்பார். அந்தப் படங்களைப் புத்தகத்திலும் சேர்த்திருக்கிறார்.

சக டாக்டர்கள் கைதட்டவில்லை. நல்ல உடம்பில் கத்தி வைப்பது வைத்தியமா என்றார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. அதே பாரிசில் காலை மெலிதாக்கிக்கொள்ள வந்த ஒரு பெண், வேறொரு பிரபல சர்ஜனின் கத்தியில் காலையே இழந்து, வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. அழகுக்காக மட்டும் ஆரோக்கியமான உறுப்பை வெட்டியதே குற்றம் என்று 1929இல் தீர்ப்பு வந்தது. தொழிலே கதிகலங்கிய நேரம் அது. மதாம் நோயேலின் நிதானம், கொஞ்சமாக வெட்டு, பொறுத்துப் பார்த்து மறுபடி வெட்டு என்ற அந்தச் சிக்கனம், இந்தப் பின்னணியில்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. அதற்கு முந்தைய வருஷமே அரசாங்கம் இவருக்கு லெழியோன் தொன்னேர் விருது கொடுத்திருந்தது.

விருது கொடுத்த அதே அரசாங்கம் ஓட்டுச் சீட்டுக் கொடுக்கவில்லை. அந்தக் கோபம் இவருக்கு நிறைய. ஓட்டுக் கேட்கும் நாடாவைத் தொப்பியில் கட்டிக்கொண்டு தெருவில் போவார். ஓட்டு இல்லாதவள் வரி ஏன் கட்ட வேண்டும் என்று பெண்களைத் தூண்டினார். 1924இல், கணவரை இழந்த அதே வருஷத்தில், வேலை பார்க்கும் பெண்களுக்காக சொரோப்திமிஸ்த் சங்கத்தைப் பாரிசில் ஆரம்பித்தார். ஐரோப்பாவின் முதல் கிளைகளில் அதுவும் ஒன்று. பிறகு ஊர் ஊராகப் போய்க் கிளைகள் திறந்தார். வியன்னா, பெர்லின் வரைக்கும் போனது அது. பிரெஞ்சுப் பெண்கள் முதல்முதலாக ஓட்டுப் போட்டது 1945 ஏப்ரலில். மதாமுக்கு அப்போது 67 வயது.

அதற்கு முன் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். 1936 வாக்கில் கண்ணில் புரை விழுந்து, அறுவை செய்துகொண்டார். பார்வை பழைய மாதிரி இல்லை. அந்தக் கண்ணோடுதான், ஜெர்மானியர்கள் பாரிசைப் பிடித்திருந்த வருஷங்களில், கெஸ்டாப்போ தேடிக்கொண்டிருந்த யூதர்களுக்கும் எதிர்ப்பு இயக்கத்தாருக்கும் அடையாளம் தெரியாதபடி முகத்தை மாற்றிக்கொடுத்தார். இளமையாக்கும் கை, ஆளையே மாற்றவும் பழகிக்கொண்டது. போர் முடிந்து முகாம்களிலிருந்து பிழைத்து வந்தவர்கள் அங்கே பட்ட தழும்புகளோடு இவரைத் தேடி வந்தார்கள். எழுபதை நெருங்கிய வயதில் அவர்களையும் உட்காரவைத்து, ஒவ்வொன்றாக எடுத்துத் தைத்தார். அதற்குக் காசு வாங்கவில்லை.