தோட்டப்பள்ளியும் 1923ஆம் ஆண்டுச் சட்டமும்

"துரை இரக்கப்பட்டுப் பள்ளி கட்டினார்" என்று விடைத்தாளில் எழுதுகிறீர்களா? கொஞ்சம் நில்லுங்கள். பேராவும் அடங்கிய கூட்டு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தொகுப்பைப் பாருங்கள். தோட்டத்தில் 7 முதல் 14 வயதுக்குள் 10 பிள்ளைகள் இருந்தாலே பள்ளி வைக்கணும். கடமை அது, தர்மம் இல்லை. (கங்காணியோ கிராணியோ பாடம் சொன்ன கொட்டகையும் பள்ளிதான்!)

ஈப்போ பக்கத்து ரப்பர் தோட்டங்கள் கைமாறியபின், பள்ளி நிலம் யாருக்கு என்றால் வாய்க்கதை போதாது. கெரான் வேண்டும், அரசிதழ் வேண்டும். கோலாலம்பூர் தேசிய ஆவணக்காப்பகத்தில் பழைய அரசுக் கோப்புகள் இருக்கின்றன. சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் மின்னாளிதழ்த் தொகுப்பை வீட்டிலிருந்தே தேடலாம். 1935இல் தொடங்கிய தமிழ் முரசும் அதில் உண்டு.

தேடும்போது தோட்டத்தின் ஆங்கிலப் பெயரைப் போடுங்கள். நம்ம பாட்டிமார் கூப்பிட்ட தமிழ்ப் பெயரில் தேடினால் ஒன்றும் வராது. அந்தப் பெயரையும் ஓரத்தில் எழுதி வையுங்கள்.