எதிலிருந்து சாய்ந்தது?

நான் இயற்பியல் நடத்திய பள்ளியில் ஒரு பூகோள உருண்டை இருந்தது. அதைத் தாங்கும் வளைந்த பித்தளைக் கைக்குத் திருகு தளர்ந்திருந்ததால் உருண்டை அடிக்கடி நிமிர்ந்துவிடும். ஒருநாள் நான் அதைச் சாய்த்து முடுக்கிக்கொண்டிருந்தபோது முன்பெஞ்சுப் பையன் கேட்டான்: "நேராவே இருந்துட்டுப் போகட்டுமே சார், எதுக்குச் சாய்க்கிறீங்க?" 23½ டிகிரி என்றேன். கேட்டது காரணம், நான் சொன்னது அளவு. அன்று மழுப்பியதற்கு இங்கே பதில் எழுதிவிடுகிறேன்.

முதலில், எதிலிருந்து சாய்ந்தது? விண்வெளியில் மேலும் இல்லை, கீழும் இல்லை. சூரியனைச் சுற்றும் பாதையை ஒரு தட்டாக நினைத்து, அதன்மேல் செங்குத்தாக ஒரு குச்சியை நட்டால், அந்தக் குச்சியிலிருந்து கோளின் அச்சு எவ்வளவு விலகியிருக்கிறதோ அதுவே சாய்வு. சூரியனைச் சுற்றிச் சுழன்ற வாயுவும் தூசியும் கலந்த வட்டிலிருந்துதான் கோள்கள் திரண்டன. வட்டு சுழன்ற போக்கிலேயே கோளும் சுழல வேண்டும். ஆகவே நிமிர்ந்து நிற்பதுதான் இயல்பு; சாய்வுக்குத்தான் காரணம் தேட வேண்டும். (சூரியனே நம் பாதைத் தளத்துக்கு 7 டிகிரி சாய்ந்துதான் சுழல்கிறது. அந்த வழக்கு தனி.)

அந்த இயல்பை ஏறக்குறையக் காப்பாற்றியது வியாழன். அதன் சாய்வு 3 டிகிரிதான். வட்டிலிருந்து ஒழுங்காக ஓடிவந்த வாயுவை விழுங்கியே அது பெருத்தது. புதனும் நிமிர்ந்துதான் நிற்கிறது, ஆனால் அது பிறவி நிமிர்வு அல்ல. பக்கத்திலிருக்கும் சூரியனின் ஈர்ப்பு பிடித்து நிமிர்த்தியது.

பூமி போன்ற பாறைக் கோள்களின் வளர்ப்பு வேறு. சிறு பாறைகள் எல்லாத் திசையிலிருந்தும் வந்து விழும்வரை ஒன்றின் தள்ளலை இன்னொன்று சரிக்கட்டிவிடும். தூறல் கூரை முழுவதையும் ஒரே மாதிரி நனைப்பதுபோல. கடைசிக் கட்டத்தில் விழுந்தவை தூறல் அல்ல, ஆலங்கட்டிகள். அதுவும் ஒவ்வொன்றும் ஒரு சிறு கோள் அளவு. மையத்தை விட்டு ஓரமாக ஒன்று மோதினால் போதும், அச்சு திரும்பிவிடும். சுமார் 450 கோடி ஆண்டுகளுக்கு முன் செவ்வாய் அளவுள்ள ஒன்று பூமிமீது மோதி, சிதறியதிலிருந்து நிலா உருவானது என்பதே இன்று பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். அந்த மோதலும், பிறகு நிலாவோடு நடந்த நெடுநாள் இழுபறியும் சேர்ந்து விட்டுப்போனதுதான் நம் சாய்வு.

இந்தக் கதையின் உச்சம் யுரேனஸ். 1781இல் வில்லியம் ஹெர்ஷல் கண்ட கோள் அது. 1787இல் அதன் நிலாக்களில் இரண்டையும் அவரே கண்டார். அவற்றின் பாதைகள் கோளின் பாதைக்குக் கிட்டத்தட்டச் செங்குத்தாக இருந்தன. காரணம், கோளே படுத்துக் கிடக்கிறது. சாய்வு 98 டிகிரி. மற்றவை பம்பரம் என்றால் இது உருளும் பீப்பாய். ஒரு சுற்றுக்கு 84 ஆண்டு ஆவதால் துருவத்தில் 42 ஆண்டு பகல், 42 ஆண்டு இரவு. 1986இல் வாயேஜர் 2 விண்கலம் போனபோது தென்துருவம் சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பூமியைவிடக் கனமான ஏதோ ஒன்று இடித்துத் தள்ளியிருக்க வேண்டும் என்றுதான் நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். இங்கே ஒரு சிக்கல். கோள் கவிழ்ந்தால், முன்பே சுற்றிக்கொண்டிருந்த நிலாக்கள் ஏன் கூடவே கவிழ்ந்தன? அவை இன்றும் அதன் நடுக்கோட்டுத் தளத்திலேயே ஒழுங்காகச் சுற்றுகின்றன. ஒரே அடி அல்ல, பல அடிகள் என்று சிலர். விலகிப்போன பெரிய நிலா ஒன்று அச்சை மெல்ல மெல்ல இழுத்துச் சாய்த்தது என்று வேறு சிலர். என்னைக் கேட்டால், வழக்கு இன்னும் தீரவில்லை.

அடி விழாமலும் சாயலாம் என்பதற்கு சனி சாட்சி. சாட்டையிலிருந்து விடுபட்ட பம்பரம் சுற்றிக்கொண்டே தலையையும் மெல்லச் சுழற்றுமே, அப்படி எல்லாக் கோள்களின் அச்சும் தலையாட்டுகிறது. பூமிக்கு ஒரு தலையாட்டத்துக்குச் சுமார் 26,000 ஆண்டு. உத்தராயணம் டிசம்பரில் தொடங்கிவிட, நாம் தை முதல் நாளில் கொண்டாடுவது இதனால்தான். சனிக்கோ ஏறக்குறைய 18, 19 லட்சம் ஆண்டு. நெப்டியூனின் பாதைத் தளமும் ஏறக்குறைய அதே காலத்தில் திரும்புகிறது. ஊஞ்சல் திரும்பிவரும் நேரம் பார்த்து ஒரு விரலால் தள்ளினாலும் வீச்சு ஏறும். நெப்டியூன் அப்படித்தான் சனியை 27 டிகிரிக்குச் சாய்த்தது என்று 2004இல் வார்ட், ஹாமில்டன் என்ற இரு ஆய்வாளர்கள் வாதிட்டனர். தாளம் பொருந்தியதற்குக் காரணமாகச் சனியின் நிலா டைட்டனைச் சுட்டுகின்றன பின்வந்த ஆய்வுகள். அது ஆண்டுக்குச் சுமார் 11 சென்டிமீட்டர் விலகிப்போகிறது. விலக விலகச் சனியின் தலையாட்ட வேகம் மாறுகிறது.

செவ்வாயின் 25 டிகிரி நம் அளவுக்குப் பக்கத்தில் இருப்பது வெறும் தற்செயல். அதன் சாய்வு 0 முதல் 60 டிகிரி வரை தாறுமாறாக அலையக்கூடியது என்று 1993இல் ழாக் லஸ்கார் குழுவினர் கணக்கிட்டுக் காட்டினர். நடுக்கோட்டை ஒட்டிய எரிமலைச் சரிவுகளில் பழைய பனியாறுகளின் தடம் இருப்பதற்கு அந்த அலைச்சலே பொருத்தமான விளக்கம். நிலா இல்லையென்றால் பூமிக்கும் அதே கதிதான் என்று அன்று எழுதினார்கள். அந்த அச்சம் மிகை என்று பின்வந்த கணக்குகள் தணித்தன.

நிலா பிடித்துக்கொண்டிருந்தும் நம் சாய்வு அசையாமல் இல்லை. 22.1க்கும் 24.5க்கும் இடையே 41,000 ஆண்டுக்கு ஒருமுறை போய்வருகிறது. பழைய வானியல் நூலான சூரிய சித்தாந்தம் 24 டிகிரி என்று வைத்துக் கணக்கிட்டது. இன்று 23.44, இறங்குமுகம். கடகரேகை நடுக்கோட்டிலிருந்து எத்தனை டிகிரி வடக்கே என்பதும் இதே அளவுதான். போபாலிலிருந்து விதிஷா போகும் சாலையில் கடகரேகைக்கு ஒரு பலகை வைத்திருக்கிறார்கள். பலகை வைத்த இடத்திலேயே இருக்கிறது. ரேகை ஆண்டுக்குச் சுமார் 14 மீட்டர் தெற்கே நகர்ந்துகொண்டிருக்கிறது.