மைக்குக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே எத்தனை அடி?

எலக்ட்ரிக் கிடாரும் சின்னதாக ஒரு ஆம்ப்ளிஃபயரும் வாங்கிய நண்பர்கள் எல்லோரும் அடுத்துக் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: வீட்டிலேயே ரெக்கார்ட் செய்ய மைக்கை எங்கே வைப்பது? ஸ்பீக்கரை ஒட்டி வை என்பார் ஒருவர், நாலடி தள்ளி வை என்பார் இன்னொருவர். இந்தச் சண்டைக்கு வயது நூறுக்கு மேல். கிடாருக்குள் கரண்ட் நுழைவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டது.

1902 நவம்பரில் கிராமஃபோன் கம்பெனியின் ஃப்ரெட் கெய்ஸ்பெர்க் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் பாட்டைப் பதிவு செய்தார். மைக் கிடையாது. ஒரு பெரிய புனலுக்குள் பாட வேண்டும். அந்தக் காற்றின் அதிர்வே ஊசியை ஆட்டி மெழுகுத் தட்டில் கோடு கிழிக்கும். மெதுவாகப் பாடும்போது புனலுக்குள் தலையை நுழைக்க வேண்டும், உரக்கப் பாடும்போது பின்னால் இழுத்துக்கொள்ள வேண்டும். அன்றைக்கு வால்யூம் குமிழ் என்பது பாடகரின் கழுத்துதான்!

சத்தம் குறைந்த வாத்தியங்கள் பாடு திண்டாட்டம். வயலினுக்கே ஒரு புனலை மாட்டி 'ஸ்ட்ரோ வயலின்' என்று செய்தார்கள். கிடாரின் நிலைமை இன்னும் மோசம். 1925ல் மைக் வைத்து மின்சாரப் பதிவு வந்தபிறகுதான் மெல்லிய ஒலிகளுக்கு விடிவு பிறந்தது. 1932ல் ரிக்கன்பேக்கர் கம்பெனியின் எலக்ட்ரிக் கிடார் விற்பனைக்கு வந்தது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். எலக்ட்ரிக் கிடாரின் கம்பி தனியாக எழுப்பும் சத்தம் மிகக் குறைவு. ஒலி பிறக்கும் இடம் ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு. அதனால் நாம் பதிவு செய்வது கிடாரை அல்ல, ஒரு ஸ்பீக்கரையும் அது இருக்கும் அறையையும்.

நம் பக்கம் வருவோம். தமிழின் முதல் பேசும் படம் 'காளிதாஸ்' 1931ல் வந்தது. நடிகர்களே பாடினார்கள், அதுவும் படப்பிடிப்பிலேயே. மைக் திரையில் தெரியக்கூடாது, ஆனால் குரலும் வாத்தியமும் கேட்க வேண்டும்! 1938ல் 'நந்தகுமார்' படத்தில் பின்னணிப் பாட்டு வந்து அந்தத் தொல்லையைத் தீர்த்தது. பிறகு பல ஆண்டுகள் கோடம்பாக்கத்தில் பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒரே கூடத்தில் ஒன்றாக இருந்துதான் பதிவு நடந்தது. யார் மைக்குக்குக் கிட்டே, யார் தூரத்தில் என்பதே பாதி இசையமைப்பு. ஒருவர் தப்பாக வாசித்தால் எல்லோரும் முதலிலிருந்து வாசிக்க வேண்டும்.

இந்தத் தூரத்தைக் குறைத்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்க கிடார் கலைஞர் லெஸ் பால் (1915-2009). 1940களில் ஹாலிவுட்டில் தன் வீட்டுக் கார் ஷெட்டையே ஸ்டுடியோவாக்கினார். மைக்கை மிகக் கிட்டே வைத்து, ஒரு பதிவின் மேல் இன்னொரு பதிவாக அடுக்கினார். கிட்டே வைத்தால் அறையின் எதிரொலி குறையும். வீட்டில் பதிவு செய்பவருக்கு வேறென்ன வேண்டும்? 1965ல் ஷூர் கம்பெனியின் எஸ்.எம்.57 மைக் வந்தது. இன்றும் கிடார் ஆம்ப்ளிஃபயர் முன்னால் அதிகம் காணப்படும் மைக் இதுதான். இன்னொரு பக்கம் லண்டன் இ.எம்.ஐ. ஸ்டுடியோவில் டிரம்மிலிருந்து இத்தனை அடி தள்ளித்தான் மைக் வைக்கலாம் என்று விதியே இருந்தது. 1966ல் பீட்டில்ஸ் பதிவுகளின்போது ஜெஃப் எமெரிக் என்ற இளம் பொறியாளர் அதை மீறினார்.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. 1971ல் வெளியான லெட் செப்பலின் ஆல்பம் ஒன்றில் டிரம்ஸை ஒரு பழைய வீட்டின் மாடிப்படிக் கூடத்தில் வைத்து, மைக்குகளை மேலே தொங்கவிட்டுப் பதிவு செய்தார்கள். விலக்கப்பட்ட அறை மறுபடி உள்ளே வந்தது. வீட்டிலிருந்து பெரிய இசை வராது என்பவர்களுக்கு நம்மிடமே பதில் உண்டு. ஏ.ஆர். ரஹ்மான் 1989ல் கோடம்பாக்கத்தில் தன் வீட்டுப் பின்புறம் கட்டிய பஞ்சதன் ஸ்டுடியோவிலிருந்துதான் 1992ல் 'ரோஜா' வந்தது.

சரி, புதுச்சேரி வீட்டில் எப்படிச் செய்வது?

முதலில் ஆம்ப்ளிஃபயரைத் தரையிலிருந்து தூக்கி ஒரு நாற்காலியில் வையுங்கள். மூலையில் வேண்டாம், கட்டைச் சத்தம் பொங்கும். டார்ச் அடித்துத் துணிக்குப் பின்னால் ஸ்பீக்கரின் மையம் எங்கே என்று பாருங்கள். இரண்டு விரல் தூரத்தில் மைக். மையத்துக்கு நேராக வைத்தால் ஒலி கூர்மையாக இருக்கும், விளிம்பை நோக்கி நகர்த்த நகர்த்த மென்மையாகும். எஸ்.எம்.57 போன்ற ஒருதிசை மைக் நெருங்க நெருங்கக் கட்டை ஒலியைக் கூட்டிக் காட்டும். ஓர் அங்குலம் நகர்த்தினாலே வித்தியாசம் தெரியும். குமிழைத் திருகும் முன் மைக்கை நகர்த்திப் பாருங்கள்.

இரண்டாவது மைக் இருந்தால் அதை வீட்டுக்குக் கொடுங்கள். பிரெஞ்சுப் பகுதி வீடுகளில் உயரமான கூரை, சுண்ணாம்புப் பூச்சு. சத்தம் சுவரில் மோதித் திரும்பி நீண்டு ஒலிக்கும். தமிழர் பகுதியில், வைசியாள் வீதி போன்ற இடங்களில், திண்ணை, தாழ்வாரம், நடுவே திறந்த முற்றம். மேலே போன சத்தம் திரும்பி வராது, அதனால் எதிரொலி குறைவு, காற்றோட்டமான ஒலி. முற்றத்தில் காக்காயும் கேட்கும், தெருவில் போகும் காய்கறி வண்டியும் கேட்கும். மதியம் இரண்டு மணி நல்ல நேரம்!

ஒரு எச்சரிக்கை. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். ஒரு மைக்கைவிட மற்றது 34 செ.மீ. தள்ளி இருந்தால் அதில் ஒலி ஒரு மில்லிநொடி தாமதமாகச் சேரும். இரண்டையும் கலந்தால் 500 ஹெர்ட்ஸ் பக்கம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு கிடார் சோனியாகக் கேட்கும். இரண்டாவதை மூன்று நாலு மீட்டர் தள்ளி முற்றத்திலேயே வைத்து, சத்தத்தைக் குறைத்துக் கலந்தால் இந்தத் தொல்லை குறையும். இல்லையென்றால் கம்ப்யூட்டரில் ஓர் அலையைக் கொஞ்சம் முன்னால் நகர்த்திக்கொள்ளலாம்.

இன்று மைக்கே வேண்டாம், கிடாரை நேராகக் கம்ப்யூட்டரில் செருகினால் போதும். ஆம்ப்ளிஃபயர், அறை, எதிரொலி எல்லாம் மென்பொருளே தருகிறது. வசதிதான், மறுக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரரும் நிம்மதியாகத் தூங்குவார். ஆனால் அந்த மென்பொருள் தருவது வேறு யாரோ அளந்து வைத்த கூடம். உங்கள் பாட்டி வீட்டு முற்றம் அதில் இல்லை. நம் ஊரில் பழைய வீடுகள் ஒவ்வொன்றாக இடிந்து அடுக்குமாடிகள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. ஒரு வீட்டைப் படம் எடுத்து வைத்தாலும் அது எப்படி ஒலித்தது என்பது படத்தில் விழாது. முற்றத்தில் வைத்த ஒரு மைக்கில் விழும். அந்த வீடு நிற்கும்போதே பதிவு செய்துவிடுங்கள்.