30 கிலோ கவசம், கையில் வாள்: 'புஹர்ட்' களத்தில் நீளமான வாள் ஏன் கைகொடுப்பதில்லை?

தலை முதல் கால் வரை சுமார் 30 கிலோ எடையில் கவசம். கையில் நிஜமான உலோக வாள். இது சினிமா ஷூட்டிங் இல்லை, 'புஹர்ட்' என்ற விளையாட்டு. நீளமான வாள் இருந்தா ஈஸியா ஜெயிச்சிடலாம்னு புதிதாக வருபவர்கள் நினைப்பதுண்டு. ஆனால் களத்தில் கதையே வேறு. ஏன்?

புஹர்ட் என்றால் என்ன?

இடைக்கால ஐரோப்பாவில் வீரர்கள் அணி பிரிந்து மோதிய போட்டியின் இன்றைய வடிவம் இது. 2010-ல் உக்ரைனின் ஹோதின் கோட்டையில் 'பேட்டில் ஆஃப் தி நேஷன்ஸ்' தொடர் தொடங்கியது. 5-க்கு 5 பேர் மோதும் பிரிவு பிரபலம். கீழே விழுந்தால் அவுட். வாளின் விளிம்பும் முனையும் மழுங்கலாகவே இருக்கும். வெட்டுவது போல அடிக்கலாம், குத்தக் கூடாது.

நீளம் ஏன் உதவாது?

நீளமான வாளின் பெரிய பலமே தூரத்தில் இருந்து குத்துவதுதான். அதற்கே தடை. அடுத்த சிக்கல், இடம். சில நொடிகளில் வீரர்கள் கட்டிப்பிடித்து, வேலியில் சாய்த்துத் தள்ளத் தொடங்கிவிடுவார்கள். அங்கே வாளை ஓங்கவே இடம் இருக்காது. அடி பலமாக விழுவது வாளின் முன்பகுதியில்தான். நெருக்கத்தில் நீளமான வாளின் நடுப்பகுதிதான் எதிராளி மேல் படும். சத்தம் வரும், அவ்ளோதான்!

அப்போ எது சரி?

கேடயத்துடன் ஆடுபவருக்கு 70 முதல் 80 செ.மீ. அலகு கொண்ட ஒற்றைக் கை வாள் வசதி. முன்பக்கம் அகன்ற 'ஃபால்சியன்' வாளும் பலரின் சாய்ஸ். இங்கிலாந்தின் டர்ஹாமில் உள்ள 13-ம் நூற்றாண்டு கானியர்ஸ் ஃபால்சியனின் மொத்த நீளமே சுமார் 89 செ.மீ.தான்.

வாங்கும் முன் ஒரு சோதனை: கவசம் அணிந்து, எதிராளியின் தோளைப் பிடிக்கும் தூரத்தில் நில்லுங்கள். வாளை ஓங்கி மெதுவாக இறக்குங்கள். முன்பகுதி படாமல் நடுப்பகுதி பட்டால், அது உங்களுக்கு நீளம் அதிகம்.

ஒருவருக்கு ஒருவர் என்றால்?

அங்கே கணக்கு மாறும். 'டூயல்' பிரிவில் விழும் அடிகளுக்குத்தான் புள்ளி. விலகி நின்று ஆட இடமும் உண்டு. அதனால் 110 முதல் 130 செ.மீ. வரையிலான இரட்டைக் கை வாள் அங்கே பலம்.

பாதுகாப்பு முக்கியம்

பின்கழுத்து, முழங்காலின் பின்பக்கம், பாதம் ஆகிய இடங்களில் அடிக்கத் தடை. கூட்டத்துக்குள் கட்டுப்படாத நீள வாள் அங்கேயே போய் விழலாம், சக வீரர் மேலும் படலாம். விளிம்பின் தடிமன், எடை விதிகள் அமைப்புக்கு அமைப்பு மாறும். அதைப் பார்த்த பிறகே பணத்தைக் கொடுப்பது நல்லது.