விளக்கும் வேலை நேரமும்

ஒரு மனிதன் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் உழைக்கலாம்? இந்த வினாவுக்கு நம் முன்னோர் விடை தேடி அலைந்ததில்லை. கதிரவனே விடை கூறி வந்தான். பொழுது புலர்ந்தால் ஏர் பூட்டினர். பொழுது சாய்ந்தால் அவிழ்த்தனர். நிலவொளியில் ஏற்றம் இறைத்ததும் போரடித்ததும் உண்டு. ஆனால் அவை பருவத்தில் சில நாட்களே. உழவனின் பாடு கடுமையானது என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் இருள் என்னும் வேலி ஒன்று அவன் உழைப்பைச் சுற்றி நின்றது. அந்த வேலி எவ்வாறு சாய்ந்தது, அதன் இடத்தில் மனிதர் வேறொரு வேலியை எவ்வாறு எழுப்பினர் என்னும் வரலாற்றையே மாணவ அன்பர்களுக்கு இன்று எடுத்துரைக்க விரும்புகிறேன்.

1850களில் பம்பாயில் பஞ்சாலைகள் தோன்றின. தொடக்கத்தில் ஆலைகளும் ஞாயிற்றின் ஆணைக்கே கட்டுப்பட்டிருந்தன. கோடையில் பகல் நீண்டால் வேலையும் நீளும்; குளிர்காலத்தில் இரண்டும் குறுகும். கழனியில் உழவன் சற்றே வரப்பில் அமரலாம். மர நிழலில் கஞ்சி குடிக்கலாம். நீராவி இயந்திரத்துக்கோ அமர்வதும் இல்லை, பசியும் இல்லை. அதன் முன்னே நின்றவர்களுள் சிறுவரும் பலர்.

இதனை வரையறுக்க 1881 ஆம் ஆண்டு இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் பிறந்தது. 7 வயது நிரம்பாத குழந்தைகளை வேலைக்கு வைத்தலாகாது. 12 வயது வரையுள்ளோரை நாளொன்றுக்கு 9 மணிக்கு மேல் வாங்கலாகாது என்றது அது. 7 வயதுக் குழந்தைக்கு 9 மணி நேர வேலை! இதுவே அந்நாளில் இரக்கமாகக் கருதப்பட்டது. அந்த இரக்கமும் கலப்பற்றதன்று. இந்திய ஆலைகளின் போட்டியைக் கண்டு அஞ்சிய லங்காஷயர் முதலாளிகளும் இச்சட்டத்துக்காக வற்புறுத்தினர் என்பது வரலாறு. நன்மை சில வேளைகளில் தன்னலத்தின் தோளேறியும் வருகிறது.

பின்னர்த் தொழிலாளரே வாய் திறந்தனர். 1884 ஆம் ஆண்டு பம்பாயில் நாராயண் மேகாஜி லோகாண்டே என்பவரின் தலைமையில் ஆலைத் தொழிலாளர் கூடி, ஏறத்தாழ 5,500 பேர் சார்பில் விண்ணப்பம் விடுத்தனர். வாரம் ஒரு நாள் ஓய்வு, நடுப்பகலில் அரை மணி இடைவேளை ஆகியவை அவர்கள் வேண்டியவற்றுள் முதன்மையானவை. 1891 ஆம் ஆண்டுச் சட்டம் இவ்விரண்டையும் தந்தது; பெண்களின் வேலை 11 மணியைத் தாண்டலாகாது என்றும் வரையறுத்தது. வளர்ந்த ஆண்மகனுக்கு மட்டும் எவ்வரம்பும் இல்லை. அவன் தன் விருப்பப்படி உடன்பாடு செய்துகொள்ளும் உரிமையுடையவன்; அதில் சட்டம் தலையிடலாகாது என்பது அக்காலக் கொள்கை.

இந்நிலையில் ஆலைக்குள் மின்விளக்கு வந்தது. அறிவியலின் அரிய கொடை அது, யார் மறுப்பார்? ஆனால் அவ்விளக்கு ஏற்றப்பட்ட அன்றே இருள் என்னும் பழைய வேலி சாய்ந்தது. 1905 ஆம் ஆண்டளவில் பருத்தி நூலுக்குச் சந்தையில் நல்ல விலை கிடைத்தபோது, பம்பாய் ஆலைகள் சில நாளொன்றுக்கு 14 மணி நேரத்துக்கும் மேல் ஓடின. விடியுமுன் வீட்டை விட்டுச் சென்ற தந்தை, குழந்தை உறங்கிய பின்னரே திரும்பினான்.

இதனை ஆராய அரசினர் 1907 ஆம் ஆண்டில் ஆணைக்குழு ஒன்றை அமைத்தனர். இந்தியத் தொழிலாளி இடையிடையே வேலையை விட்டு வெளியே சென்று உலவி வருகிறான் என்று அக்குழுவின் முன் பேசப்பட்டது. சிலர் இதனைச் சோம்பல் என்றனர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. சட்டம் வரம்பு கட்ட மறுத்தபோது, உடலே தனக்கொரு வரம்பைக் கட்டிக்கொண்டது என்றே நான் கருதுகிறேன்.

குழுவினருள் பெரும்பான்மையோர் வளர்ந்த ஆடவரின் வேலை நேரத்தை நேரடியாக வரையறுக்க உடன்படவில்லை. ஓர் உறுப்பினர் மட்டும் மாறுபட்டுத் தனிக்குறிப்பு எழுதினார். அவர் எடின்பரோவில் மருத்துவம் பயின்றவர். சென்னையின் புகழ்பெற்ற மருத்துவர். பிற்காலத்தில் நீதிக்கட்சியை நிறுவியவர்களுள் ஒருவரான டாக்டர் டி. எம். நாயர். ஆடவருக்கும் சட்டத்தால் நேர வரம்பு வேண்டும் என்பதே அவர் நிலை. தனியொருவர் குரல்தானே என்று அது மறைந்துவிடவில்லை. 1911 ஆம் ஆண்டுச் சட்டம், நெசவு ஆலைகளில் வளர்ந்த ஆடவரின் வேலை 12 மணிக்கு மிகலாகாது என்று முதன்முறையாக விதித்தது. பெரும்பான்மையின் முடிவைக் காட்டிலும் அந்த ஒருவரின் குறிப்பே காலத்தோடு ஒத்து நின்றது.

தமிழகத்திலும் ஆலைத் தொழிலாளர் வாளாவிருக்கவில்லை. 1908 ஆம் ஆண்டு தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர், வ. உ. சிதம்பரம் பிள்ளை, சுப்பிரமணிய சிவா ஆகியோர் துணைநிற்க, வேலைநிறுத்தம் செய்தனர். கூலி உயர்வோடு வார விடுமுறையும் அவர்கள் கேட்டவற்றுள் ஒன்று. பத்தாண்டுகளுக்குப் பின், 1918 ஏப்ரல் 27 அன்று, சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. செல்வபதிச் செட்டியாரும் இராமானுஜுலு நாயுடுவும் முன்னின்று அழைக்க, பி. பி. வாடியா தலைமை ஏற்றார்; திரு. வி. கலியாணசுந்தரனார் உறுதுணையானார். பக்கிங்காம், கர்நாட்டிக் ஆலைத் தொழிலாளரின் பெருங்குறை யாது தெரியுமா? உண்பதற்கு நேரம் போதவில்லை என்பதே. அரை மணிக்குள் கை கழுவி, கட்டுச்சோற்றை விழுங்கி, மீண்டும் தறிமுன் நிற்க வேண்டும். சங்கத்தின் முயற்சியால் அவ்விடைவேளை 30 நிமிடத்திலிருந்து 40 நிமிடமாயிற்று. வெறும் 10 நிமிடந்தானா என்று நகைத்துவிடாதீர்கள். தன் நாளில் ஒரு சிறு பகுதி தனக்கே உரியது என்பதை முதன்முறையாக ஒப்புக்கொள்ளச் செய்த 10 நிமிடம் அது.

1919 ஆம் ஆண்டு வாஷிங்டனில் கூடிய பன்னாட்டுத் தொழிலாளர் மாநாடு, நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று உலகுக்கு விதி வகுத்தது. இந்தியாவுக்கு வாரம் 60 மணி என விலக்களித்தது. அதன்படி 1922 ஆம் ஆண்டுச் சட்டம் அமைந்தது. 1934 இல் வாரத்துக்கு 54 மணியாயிற்று. 1946 இல், தொழிலாளர் துறையைக் கவனித்துவந்த டாக்டர் அம்பேத்கர் மத்திய சட்டசபையில் முன்மொழிந்த திருத்தத்தால் 48 மணியாயிற்று. விடுதலை பெற்ற இந்தியாவின் 1948 ஆம் ஆண்டுச் சட்டம் அதனை நிலைநிறுத்தியது.

ஈண்டு மிகைநேர ஊதியம் பற்றி ஒரு சொல். 1948 ஆம் ஆண்டுச் சட்டம் வரம்பு கடந்த வேலைக்கு இரு மடங்கு கூலி தரச் சொன்னது. இதனைத் தொழிலாளிக்குக் கிடைத்த பரிசு என்று பலர் எண்ணுவர். எனக்கோ அது வேலியில் வைத்த முள்ளாகவே தோன்றுகிறது. கூடுதல் வேலை வாங்குவது முதலாளிக்குச் செலவு மிக்கதாயிருந்தால், அவர் வேறோர் ஆளை வேலைக்கு வைப்பார், முதல்வன் இளைப்பாறுவான், இரண்டாமவன் வீட்டில் அடுப்பெரியும். ஆனால் அடிப்படைக் கூலி வயிற்றுக்குப் போதாதபோது, தொழிலாளியே அம்முள்ளை விரும்பிப் பற்றுகிறான். கடன் தீர்க்கவும், மகள் திருமணத்துக்கும், மகன் படிப்புக்கும் தன் உறக்கத்தை விற்கிறான். ஆகவே நேர வரம்பு வேறு, கூலி வேறு அல்ல. ஒன்று சரிந்தால் மற்றொன்றும் சரியும்.

இவ்வழக்கு இன்னும் முடிந்துவிடவில்லை. 2023 ஏப்ரலில், நாளொன்றுக்கு 12 மணி நேர வேலைக்கு இடந்தரும் திருத்தம் ஒன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழில் வளரவும் தொழிலாளி வாரத்தில் 4 நாள் உழைத்து 3 நாள் ஓயவும் அது வழிவகுக்கும் என்றனர் ஒருசாரார். நூறாண்டு முயற்சி வீணாகும் என்றனர் மறுசாரார். எதிர்ப்பு வலுக்கவே, அவ்வாண்டு மே முதல் நாளில் அது திரும்பப் பெறப்படும் என்று அறிவிக்கப்பட்டது.

மாணவ அன்பர்களே! நாளை நீங்கள் ஆலையிலும் அலுவலகத்திலும் மருத்துவமனையிலும் பணியாற்றப் போகிறீர்கள். உங்களுள் சிலர் பிறரை வேலை வாங்கும் நிலைக்கும் உயர்வீர்கள். உழைப்பில் பின்வாங்காதீர்கள். ஆனால் உங்கள்கீழ்ப் பணிபுரிபவர் ஒருவர் விளக்கொளியில் கண் சொருக நிற்பதைக் காணும்போது, அவர் ஊக்கத்தைப் பாராட்டுமுன், அவர் வீடு திரும்பும் நேரம் யாது என்று கேளுங்கள். டாக்டர் நாயர் அன்று தனித்து நின்று கேட்டதும் ஏறக்குறைய இதே கேள்விதான்.