இரண்டாம் பாதிப்பாளர்

மருந்தின் அளவு மாறுவதாலோ ஒருவருக்குரிய ஊசியை வேறொருவருக்குப் போட்டுவிடுவதாலோ நோயாளிக்குத் தீங்கு நேரும்போது, அதில் தொடர்புடைய செவிலியரோ மருத்துவரோ அடையும் மனக்காயத்தைச் சுட்டும் கருத்து. அமெரிக்க மருத்துவர் ஆல்பர்ட் வூ 2000இல் எழுதிய கட்டுரையில் இச்சொல்லை முன்வைத்தார். முதல் பாதிப்பாளர் எப்போதும் நோயாளியே.

மிசூரி பல்கலைக்கழக மருத்துவமனையின் செவிலியர் சூசன் ஸ்காட்டும் குழுவினரும் 31 பேரிடம் பேசி, மீட்சியின் ஆறு கட்டங்களை 2009இல் விவரித்தனர். முதலில் குழப்பம், பிறகு ‘அப்போது மட்டும் சரிபார்த்திருந்தால்’ என்று நிகழ்வு மனத்தில் ஓயாமல் ஓடுவது, சக ஊழியரின் நம்பிக்கையை மீட்க முயல்வது, விசாரணையைத் தாங்குவது, மனத்துணை தேடுவது. கடைசிக் கட்டத்தில் சிலர் வேலையை விடுகின்றனர். சிலர் வடுவோடு தொடர்கின்றனர். சிலர் அந்த அனுபவத்தைக் கொண்டே பணிமுறையைத் திருத்துகின்றனர். மூன்றாவது வழிக்குத் தனிமனித உறுதி மட்டும் போதாது.

தவறு தெரிந்ததும் நோயாளியைக் கவனிப்பதும், மருத்துவருக்குத் தெரிவிப்பதும், நடந்ததை நடந்தபடி பதிவதும் செவிலியரின் கடமை. அவரைச் சிறிது நேரம் பணியிலிருந்து விடுவித்து, குற்றம் சாட்டாமல் கேட்பது மேற்பார்வையாளரின் கடமை. இதற்கெனப் பயிற்சி பெற்ற சக ஊழியர் குழுக்கள் மிசூரியிலும் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையிலும் அமைந்தன. மறைக்கத் தூண்டும் அச்சமே அடுத்த தவறுக்கு வழிவிடுகிறது.

‘பாதிப்பாளர்’ என்ற சொல் பொறுப்பை மங்கச் செய்வதாக, தீங்குற்ற நோயாளிகளின் தரப்பினர் 2019இல் எதிர்ப்புத் தெரிவித்தனர். அந்த எதிர்ப்பு நியாயமானது. ஆனாலும் ஆதரவின் தேவை அதனால் குறைவதில்லை.