நாய் வளர்க்க வரி கட்டணுமா?

தேக்கா பக்கம் வீவக வீடு. ஒரு நாயைத் தத்தெடுக்கலாம்னு யோசிக்கிறீங்களா? முதல்ல இதைப் படிங்க.

வரி உண்டா?
ஜெர்மனியில் நாய் வைத்திருப்போர் நகராட்சிக்கு வரி கட்டுகின்றனர். சிங்கப்பூரில் வரி இல்லை. உரிமக் கட்டணம் உண்டு. கருத்தடை செய்த நாய்க்கு ஆண்டுக்கு 15 வெள்ளி, செய்யாததற்கு 90 வெள்ளி. ஏன் இவ்வளவு வித்தியாசம்? வேண்டாத குட்டிகள் பிறந்து தெருவுக்கு வருவதைக் குறைக்கத்தான். உரிமம் இல்லையென்றால் 5,000 வெள்ளி வரை அபராதம்.

வீவக வீட்டில்?
ஒரு வீட்டுக்கு ஒரு நாய், அதுவும் அனுமதிக்கப்பட்ட சிறிய இனம். மீறினால் 4,000 வெள்ளி வரை அபராதம். கலப்பின நாய்களுக்கு 2012ல் தொடங்கிய 'அடோர்' தத்தெடுப்புத் திட்டம்தான் கதவைத் திறந்தது.

நாடாளுமன்றம் என்ன செய்தது?
2014 நவம்பரில், யோ குவாட் குவாங் முன்வைத்த தனி உறுப்பினர் மசோதா நிறைவேறியது. அரசாங்கம் கொண்டுவராத மசோதா சட்டமாவது இங்கே அபூர்வம். 1995இன் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் இன்னொரு உதாரணம். விலங்கு வதைக்கு முதல்முறை தண்டனை 15,000 வெள்ளி அபராதம், 18 மாதச் சிறை வரை உயர்ந்தது. நன்றாகப் பராமரிப்பதும் உரிமையாளரின் சட்டக் கடமையானது.

ஆக, 15 வெள்ளி கட்டிட்டா பொறுப்பு முடிஞ்சிடாது, அங்கேதான் ஆரம்பமே.